மஞ்சள் தண்ணீர் ஊற்றிய மைக்

மதினி,

இன்றைக்குத் தொலைக்காட்சியை நானே எழுந்துபோய் அணைத்துவிட்டேன். உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் கொழும்பிலிருந்து தமிழில் ஒரு பேச்சுப் போடுகிறார்கள். கோட்டுப் போட்ட மூன்று ஆண்கள். அவர்களிடம் கேள்வி கேட்க ஒரு பெண். "இடது பக்கம் திறந்தே கிடக்கிறதே, அங்கே ஏன் யாரும் நிற்கவில்லை?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. மூவரில் மூத்தவர் சிரித்தார். "தங்கச்சி, இது சமையல் நிகழ்ச்சி இல்லை" என்றார். மற்ற இருவரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அதே மனிதர், இடது பக்கத்தைக் காக்காமல் விட்டதால்தான் தோற்றார்கள் என்று, தன் மூளையில் உதித்ததுபோல் விளக்கம் சொன்னார். அவளும் தலையாட்டிக்கொண்டு இருந்தாள்.

"ஏன் அமத்துன?" என்று என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

"கொமட்டிக்கிட்டு வருது" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கியிருக்கும்.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வீட்டுக்கு வந்த காலத்திலிருந்தே உங்களுக்குப் பந்தாட்டப் பைத்தியம். பீலித் தண்ணீரில் குடம் நிறையும்வரை உங்கள் வாயில் ஆட்டக் கதைதான். "ஒரு தடவையாச்சும் மைக்கப் புடிச்சு ஒரு ஆட்டம் முழுக்கச் சொல்லணும் புள்ள" என்பீர்கள். எனக்குப் பந்து தெரியாது. அரிசிக் கணக்கும் விரத நாளும் தெரியும், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் சொன்னால் ஆட்டம் எனக்கும் தெரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், நம் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் நடந்த அந்த இறுதி ஆட்டம். ஹட்டனிலிருந்து வரவேண்டிய அறிவிப்பாளர் வந்து சேரவில்லை. மைக் சும்மா கிடந்தது. மலையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டையோடு நீங்கள் போய் எடுத்துவிட்டீர்கள்.

"பந்து தேயிலைக்குள்ள எறங்கிருச்சு! தேடப் போனவங்க கொழுந்து பறிக்காம வாங்கப்பா, இன்னைக்கு ஞாயித்துக்கெழம, கணக்கப்புள்ள கூலிக்குப் பேரு போட மாட்டாரு! கோல் கீப்பர் அண்ணே, கரையில யாரத் தேடுறீங்க? பந்து இங்கிட்டு வருது!"

கரை முழுக்கச் சிரிப்பு. இடைவேளையில் கோயில் கமிட்டித் தலைவர் இறங்கி வந்தார்.

"ஏம்மா, இது கோயில் மைக்கு. பொம்பள வாய் வச்சுப் பேசுனா தீட்டாயிறாதா?"

"நம்ம கோயில்ல இருக்கிறதே மாரியம்மாதானே தலைவரே. அவ என்ன ஆம்பளயா?"

"அது வேற, இது வேற" என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். அதற்குள் ஹட்டன்காரரும் வந்துவிட்டார். பரிசு கொடுத்தவர்களின் பெயர்களை வாசித்து வாசித்தே மீதி ஆட்டத்தை ஓட்டினார். நீங்கள் கரையேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "ரெண்டாம் பாதி போச்சு புள்ள" என்றீர்கள்.

மறுநாள் காலையில் கோலம் போடக் கோயிலுக்குப் போனேன். தலைவர் ஒரு செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை மைக்கின் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். சாமிக்கு விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடாதவள் நான். அன்றுதான் கோயிலுக்குள் நின்றுகொண்டே அருவருத்தேன். அம்மன்மீது அல்ல, அவளைச் சாக்குச் சொல்லும் இந்த மனிதர்மீது.

திருவிழாவன்று அந்த மைக் இரண்டு தரம் கரகரத்துவிட்டுச் செத்தது. அன்னதானத்துக்கு ஆள் கூப்பிட வழியில்லை. தலைவர் உங்கள் வீட்டுக் காம்பிரா வாசலில் வந்து நின்றார்.

"ஒன் சத்தம் எல்லா லயத்துக்கும் கேக்குமேம்மா. கொஞ்சம் கூப்புட்டு வுடேன்."

நீங்கள் அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை. "தொண்டைக்கும் மஞ்சத் தண்ணி ஊத்துவீங்களா தலைவரே? அடுத்த ஃபைனல்ல நான்தான் பேசுவேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே கூப்புடுறேன்."

தலைவர் திரும்பி நடந்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு லயம் லயமாகத் தானே ஏறி இறங்கினார். சோறு ஆறிப்போனாலும் போகட்டும், உங்களுக்கு மைக் மட்டும் தரக்கூடாது!

அடுத்த இறுதி ஆட்டம் வருவதற்குள் நெஞ்சு வருத்த நோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது. புதிதாக வாங்கிய மைக்கில் தலைவர்தான் சாவு அறிவித்தார். மூன்று தரம் வாசித்தார். மூன்று தரமும் என் அண்ணன் பெயரைச் சொல்லி, "அன்னாரின் மனைவி" என்றார். உங்கள் பெயரைச் சொல்லவேயில்லை. பிணத்தருகே அழுதுகொண்டிருந்த எனக்கு அழுகை நின்றுபோனது. அந்தக் குமட்டல் இன்னும் அடங்கவில்லை, மதினி. அடங்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வதும் இல்லை.

முன்பெல்லாம் வாய்க்குள்ளேயே கும்பிடுவேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில், பூசாரி சூடம் காட்டும்போது, உங்கள் பெயரை அம்மன் முன்னால் உரக்கச் சொல்கிறேன். ஆண்கள் வரிசையிலிருந்து திரும்பிப் பார்க்கிறார்கள். இன்னொரு தரம் சொல்கிறேன்.