ஆரஞ்சு வள்ளத்தின் ஓட்டைகள்

முட்டம்
12.8.2013

அன்புள்ள ரெஜிஷா அப்பாவுக்கு,

நானும் மகளும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க மாதாவிடம் தினமும் சொல்லி வைக்கிறேன். போனில் பேசத் தொடங்கினால் உடனே குரல் உயர்ந்துவிடுகிறது. யாருடைய குரல் என்று சொல்ல மாட்டேன். எழுதும்போது கோபம் வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம். அதனால்தான் கடிதம்.

மஸ்கட்டில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். அந்த மூச்சிலேயே, அந்தக் கயாக் வள்ளத்தை விற்றுவிடு என்றீர்கள். முதலாவதைவிட இரண்டாவதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் மேனேஜர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது அது. கார்கோவில் வந்து இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. “நீ முன்னால், நான் பின்னால். கடியபட்டணம் ஆற்றில் சுற்றி வருவோம்” என்று எழுதியிருந்தீர்கள். வள்ளம் வந்துவிட்டது, பின்னாலேயே ஆளும் வந்துவிடுவார் என்று நம்பினேன். இப்போது அதையே விற்கச் சொன்னால் நான் என்ன நினைத்துக்கொள்வது?

ஆனாலும் சொன்னதைச் செய்கிறேன். ரெஜிஷா இண்டர்நெட்டில் விளம்பரம் போட்டாள்: “இரண்டு பேர் மேலே உட்கார்ந்து துழாவும் பழைய கயாக். துடுப்புகள், லைஃப் ஜாக்கெட்டுகள், முதுகுச் சாய்வுகள், தண்ணீர் புகாத பை எல்லாம் சேர்த்து.” முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நம்ம கைக்கு வந்த பெறவு தண்ணியே தொடல்லன்னு போடட்டாம்மா?” என்றாள். போட வேண்டாம் என்றேன்.

உங்கள்
ஷிபா


மஸ்கட்
25.8.2013

அன்பு ஷிபா,

உயர்ந்த குரல் என்னுடையதுதான். இனி நீ சந்தேகப்பட வேண்டாம்.

ஊருக்கு வந்து நான் என்ன செய்வேன், சொல். அண்ணன் இன்றைக்கும் கடலுக்குப் போகிறான். நான் முதல் நாளே வாந்தியெடுத்துக் கரையேறியவன். ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. நரைத்த தலையோடு அந்த ஆரஞ்சு வள்ளத்தில் விளையாட்டுக்குத் துழாவிக்கொண்டு போனால் கரை முழுக்கச் சிரிக்கும். முதலில் சிரிப்பது ததேயுஸ் அண்ணனாகத்தான் இருக்கும். உன்னோடு வர விருப்பமில்லாமல் விற்கச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் சொன்னேன்.

வாங்க வருகிறவரை ஓட்டிப் பார்க்கச் சொல். ஜாக்கெட் போடாமல் ஏற விடாதே. அண்ணனைக் கூட வைத்துக்கொள். கேலி செய்வான், பொறுத்துக்கொள்.

கிளீட்டஸ்


முட்டம்
16.9.2013

அன்புள்ள ரெஜிஷா அப்பாவுக்கு,

விற்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன், படித்துவிட்டுச் சிரியுங்கள். இங்கே எல்லாரும் சிரித்து முடித்துவிட்டோம்.

கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜின் மேனேஜர், குமாரதாஸ் என்று பெயர், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். முந்தின நாள் உங்கள் அண்ணன் வந்து வள்ளத்தைக் கவிழ்த்துக் கழுவினார். உட்காரும் இடத்திலிருந்து அடிவரை ஊடுருவிப் போகும் ஓட்டைகள், வரிசையாக. எனக்கும் அப்போதுதான் தெரியும். அவர் முகம் வாடிவிட்டது. “ஓட்ட வள்ளத்தையா அவன் தலையில கெட்டியிருக்கான் அந்த மேனேஜர்? அவன்ட்ட சொல்லாத மக்கா, வெசனப்படுவான்” என்றார். “ஓட்டையோட வள்ளத்த வித்தா, வாங்கினவன் வீட்டுக் கண்ணீரு நம்ம வாசலுக்கு வரும். எனக்க தம்பிக்க பேரு கெடப்பிடாது.” மாலை முழுவதும் குனிந்திருந்து, அவருடைய ஃபைபர் வள்ளத்துக்குப் பூசும் பிசினையும் துணியையும் வைத்து ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்தார்.

ஞாயிறு பூசை முடிந்து ஆற்றுக்குக் கொண்டுபோனோம். குமாரதாஸ் ஜாக்கெட் போட்டு ஏறினார். துடுப்பில் வழிந்த தண்ணீரெல்லாம் அவர் மடியிலேயே தேங்கியது. “என்னங்க இது, குளிப்பாட்டுற தொட்டி மாதிரி இருக்கு!” என்றார். பிசின் அந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டவில்லை போலிருக்கிறது. ஒரு துண்டு கழன்று மிதந்து வந்தது. அடுத்து இன்னொன்று. உங்கள் அண்ணன் கரையிலிருந்து அலறினார்: “ஓட்ட தொறந்துட்டு! சாடும் சார், சாடும்!”

அவரும் சாடிக் குதித்தார். தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் வள்ளம் முங்கவில்லை. தேங்கியதெல்லாம் அந்த ஓட்டைகள் வழியாகவே இறங்கிப்போக, அது லேசாகி ஆடிக்கொண்டு நின்றது. உங்கள் அண்ணன் வாயைப் பிளந்து பார்த்தார். “ஓட்டையினால மெதக்குத வள்ளத்த நான் இப்பந்தான் பாக்கேன்!”

குமாரதாஸ் சட்டையைப் பிழிந்துகொண்டே, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். மீதி அடைப்புகளையும் உங்கள் அண்ணன் நகத்தால் பிய்த்தார். பிறகு மெதுவாக, “ஒரு வட்டம் போவமா?” என்றார். ரெஜிஷா பின்னால் ஏறினாள், அவர் முன்னால். கரையில் நின்றவர்கள், “லே ததேயு, மீனு உண்டுமாலே?” என்று கூவினார்கள். “போங்கலே, நான் டூரிஸ்டாக்கும்!” என்று திருப்பிக் கூவினார். இத்தனை வருடத்தில் அவர் வலையில்லாமல் தண்ணீரில் போனதை நான் பார்த்ததில்லை. இறங்கும்போது சொன்னார்: “அவன் வரட்டும் மக்கா. கடலுக்கு எனக்கு ஆளு உண்டு. இதுக்கு ஆளில்ல.”

நேற்று குமாரதாஸ் போன் செய்தார். நெட்டில் பார்த்தாராம், அந்த ஓட்டைகள் இருக்க வேண்டியவைதானாம். சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறாராம். உங்கள் கடிதம் வந்த பிறகு சொல்கிறேன் என்றேன். இனி உங்களுக்காக நான் முடிவு செய்ய மாட்டேன். விற்கச் சொன்னால் துடைத்துக் கொடுத்துவிடுவேன். அதன் பிறகு ஆற்றைப் பற்றி நீங்களும் எழுதக் கூடாது, நானும் கேட்க மாட்டேன்.

உங்கள்
ஷிபா


மஸ்கட்
30.9.2013

அன்பு ஷிபா,

ஸ்டோரில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துச் சத்தமாகச் சிரித்தேன். கூட வேலை செய்கிறவர்கள் ஓடி வந்தார்கள். அதற்குள் என் கண் நிறைந்திருந்தது. சிரிப்பினால் என்று சொல்லிவிட்டேன். மேலே ஏறுகிற தண்ணீர் இறங்கிப் போவதற்குத்தான் அந்த ஓட்டைகள்; வள்ளத்தின் உள்கூடு காற்றடைத்து மூடியது, அதற்குள் தண்ணீர் போகாது. இத்தனை பக்கம் எழுதிய நான் அதை எழுதவில்லை. சிரிப்பான் என்று நான் பயந்த மனுஷன், என் பேர் கெடக் கூடாதென்று மாலை முழுக்கக் குனிந்திருந்திருக்கிறான்.

குமாரதாஸிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள். விற்பதற்கில்லை.

கம்பெனியில் பேசிவிட்டேன். என் இடத்துக்கு ஆள் வந்ததும் விடுவதாக ஒப்புக்கொண்டார்கள். இந்த முறை கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்து திரும்பிப் போகப்போவதில்லை. கிறிஸ்துமஸிலிருந்து அங்கேயே இருக்கிறேன். என்ன வேலை செய்வேன் என்று இப்போதும் தெரியாது. அதை நீயும் நானும் சேர்ந்து பார்ப்போம்.

அந்த ஜாக்கெட்டின் வார் அண்ணன் வயிற்றுக்கு எட்டியிருக்காது. அவன் அளவுக்கு ஒன்று வாங்கி வருகிறேன். ஆனால் அவனிடம் இப்போதே சொல்லி வை, முதல் நாள் முன்னால் நீ, பின்னால் நான்.

கிளீட்டஸ்