புகாரை மூட மாட்டேன்

இன்று மதியம் நெத்திலிக் கருவாடு வறுத்தேன். அம்மா ஐயம்பேட்டையிலிருந்து அனுப்பிய பொட்டலம். வாடை மாடிப்படிவரை போனது. நான் ஜன்னலைத் திறக்கவில்லை. நீ இருந்தால் வாசற்கதவையே திறந்து வைத்திருப்பாய்.

காஞ்சிபுரத்துக் கல்லூரியில் ஒரே பெஞ்சு. கடல் தாண்டி வந்தபின் ஒரே விடுதி, ஒரே அறை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்ல வேண்டும், சாயங்காலம் என்ற ஒன்று இல்லாமலே இருட்டிவிடும் என்பதையெல்லாம் சேர்ந்தே பழகினோம். குளிரும் பழகிப்போயிற்று. பழக மறுத்தது வேறொன்று.

சமையலறையை நம்மோடு பகிர்ந்துகொண்டவர் சென்னையிலிருந்து வந்த சீனியர் அக்கா. முதல் வாரமே சிரித்துக்கொண்டு கேட்டார்: "காஞ்சிபுரத்துல எந்தத் தெரு?"

நான் வாய் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய். "நான் டவுன் இல்லக்கா, தாமல். காலனி. ஏரிக்கு அந்தாண்ட. இன்னும் இன்னா தெரியணும்?"

மறுநாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உன் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. உன் பாத்திரங்கள் தனியாகத் தொட்டிக்கு அடியில். அக்கா என்னிடம் குரலைத் தாழ்த்தி, "நீங்க நெசவுக்காரங்கதானே, உன் சாமான் மேலயே இருக்கட்டும்மா" என்றார். என் பால், தயிர், மாவு எல்லாவற்றையும் இறக்கி உன் தட்டில் அடைத்தேன். நீ இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாய். "எனக்காகப் பண்ணாதடி. உனக்கு ரோசம் இருந்தா பண்ணு."

அன்றைக்கு வறுத்தாய் பார், ஒரு கருவாடு! புகையில் அபாயமணி அலறி, கட்டிடமே பனியில் இறங்கி நின்றது. யார் காரணம் என்று காவலாளி கேட்டதும் கையைத் தூக்கினாய். "என் சாப்பாடு" என்றாய் ஆங்கிலத்தில், பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி.

அடுத்த நாள் விடுதி அலுவலகத்தில் அக்கா மேல் புகார் கொடுத்தாய். அந்த அதிகாரிக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியவில்லை. "பரவாயில்லை, சொல்கிறேன், எனக்கு நேரம் இருக்கிறது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாய்.

விசாரணைக்கு நாள் குறிப்பதற்குள் உன் அண்ணன் கல்யாணம் வந்தது. ஊருக்குப் போனாய். தாமல் நெடுஞ்சாலையில் ஒரு லாரி. என் பாஸ்போர்ட் அப்போது விசா நீட்டிப்புக்குப் போயிருந்தது. உன்னை மண்ணில் இறக்கியதை நான் செல்போனில் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது.

போனில் என் அம்மா அழுதாள். "போதும், வந்துடு கண்ணு. ஒண்டியா அங்க இன்னா பண்ணிக்கினு இருக்கப் போற?"

"வரமாட்டேம்மா. வேலை இருக்குது" என்றேன்.

போன வாரம் விடுதி அலுவலகத்திலிருந்து அந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள், விசாரணைக்கு. அக்காவும் வந்திருந்தார். புகார் கொடுத்தவர் இல்லாததால் இதை மூடிவிடலாமே என்றார் அதிகாரி. அனுதாபமாகத்தான் சொன்னார். "மூடக் கூடாது. அதே சமையலறையில் நானும் இருந்தேன். சாட்சியாக அல்ல, புகார்தாரராக என் பெயரையும் சேருங்கள்" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"செத்துப்போனவள வச்சி இன்னும் எதுக்கும்மா இதெல்லாம்?" என்று அக்கா தமிழில் முணுமுணுத்தார். அதையும் அப்படியே ஆங்கிலத்தில் அதிகாரிக்குச் சொன்னேன். அந்த நிமிடம் என் வாயில் இருந்தது உன் நாக்கு. அதைத் திருப்பித் தரும் எண்ணம் எனக்கு இல்லை.

விசாரணை தொடரும் என்று சொல்லிவிட்டு அதிகாரி கோப்பைத் திறந்தார். உன் பெயரை வாசித்தார். தப்பாக வாசித்தார். திருத்தினேன். அதில் உள்ள ழகரம் அவர் நாக்குக்கு ஏறவில்லை. மறுபடி திருத்தினேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பார்த்தார். கோப்பின்மேல் கையை வைத்தேன்.

"இன்னொரு முறை" என்றேன்.

சரியாகச் சொன்னார்.