குழிக்குள்ளும் நீலம்

மார்ச் 7, வியாழன்

முப்பது வருடங்களுக்கு முன் வேதியியல் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "துப்பாக்கிக்கு நீலம் ஏத்துறதும் ஒரு துருதானா சார்?" ஆமாம் என்றேன், இரும்பைக் காக்க நாமே விரும்பி வரவழைக்கிற துரு. இன்று அதை நண்பன் வெர்ன் ருஸ்காவிடம் சொன்னேன். சிரித்தான். என் மனைவி மார்ஜீன் போன பிறகு இந்த வீட்டில் இன்னொருவர் சிரிப்பது வியாழக்கிழமை மட்டும்தான்.

அவன் தன் அப்பாவின் ரிவால்வரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அவர் ஷெரீப்பின் உதவியாளராக இருந்தவர். முப்பது வருடம் அவர் இடுப்பில் தொங்கியது. அடுத்த மாதம் துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கக் கண்காட்சி. 'முதல் பூச்சு மாறாதவை' மேசையில் வைக்க வேண்டுமாம். அந்த மேசைக்குப் பார்த்துச் சொல்பவன் நான்.

"அப்பா இடுப்பு, டெல்மா அக்கா அலமாரி, அப்புறம் என் கை. நடுவுல ஒரு ஈகூட உக்காந்திருக்காது. பாத்துச் சொல்லு, வாத்தியாரே."

ஒரு வாரம் என்னிடம் இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 10

தோட்டா போடும் ஆறு அறைகளும் காலி என்று உறுதி செய்துகொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். குழாயின் மேல் பொறித்த எழுத்துகள் மங்கல். தேய்மானம் என்றால் எழுத்தோடு நீலமும் போயிருக்க வேண்டும். இங்கே எழுத்து போயிருக்கிறது, நீலம் இருக்கிறது. குழாயின் அடியில் துரு தின்ற சின்னக் குழிகள். குழிக்குள்ளும் நீலம். சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்குள் பெயின்ட் தெரிந்தால் எது முதலில் வந்தது? ஓட்டைதானே.

பின்னால் தோட்டாவைத் தட்டும் சுத்தி மட்டும் பழைய கலவை நிறத்தில் – பழுப்பு, நீலம், சாம்பல். அழகு.

மார்ச் 11

மறுபூச்சு. சந்தேகமில்லை. கைப்பிடி மரத்தைக் கழற்றினால் இன்னும் தெரியும். ஆனால் அடுத்தவர் துப்பாக்கியில், அவர் சொல்லாமல் ஒரு திருகைக்கூடத் திருப்பக் கூடாது. எங்கள் ஆட்களிடையே அது மரியாதை. வெர்ன் 'பார்' என்றான், 'கழற்று' என்று சொல்லவில்லை. கேட்கலாமா? – எதற்கு, தெரிந்துவிட்டதே.

மார்ச் 12

எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் என்ன?

மார்ச் 14, வியாழன்

சொன்னேன். குழிகளைக் காட்டினேன், பெயின்ட் உதாரணம் சொன்னேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "எவனோ கொல்லைப்புறத்துல மெருகுச் சக்கரத்துல வெச்சு வழிச்சிருக்கான்" என்றும் சொன்னேன்.

வெர்னுக்கு முகம் சிவந்தது. "மெருகுச் சக்கரமா? டெல்மா புருஷன் ரே கொட்டகையில வெச்சிருந்தானே! சாப்பிடுற கரண்டியைக்கூட விடமாட்டான் அந்த ஆளு!"

என் போனிலேயே அக்காவைக் கூப்பிட்டான். "ஒம்பது வருஷம் உன் அலமாரில இருந்துச்சு. உன் புருஷனை நோண்ட விட்டுட்டு, யாரும் தொடலன்னு என்கிட்ட குடுத்திருக்க!" அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். ரிவால்வரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். என்னைப் பார்க்கவே இல்லை.

மார்ச் 21, வியாழன்

வரவில்லை.

மார்ச் 24

தீவனக் கடையில் கேள்விப்பட்டேன். முப்பதாம் தேதி டெல்மாவின் எண்பத்து நாலாவது பிறந்தநாள் விருந்து, வெர்ன் போகமாட்டானாம். கூடப்பிறந்தவர்கள் என்று இருவருக்கும் வேறு யாரும் இல்லை.

நான் சொன்னது பொய் இல்லை. பிறகு ஏன் போனை எடுத்து எடுத்து வைக்கிறேன்?

மார்ச் 26

பல் தேய்க்கும்போது – சுத்தி! கொல்லைப்புற ஆசாமியாக இருந்தால் சுத்தியையும் சேர்த்து நீலத்தில் முக்கியிருப்பான். அதன் கலவை நிறத்தைத் தொடாமல் விடத் தெரிந்தவர்கள் தொழிற்சாலைக்காரர்கள். கண்ணால பாத்துட்டு, 'அழகு'ன்னு வேற எழுதி வெச்சிருக்கியேடா! பாதிப் பதிலோடு தாளைக் கொடுத்துவிட்டு முதல் ஆளாக எழுந்து ஓடும் பையன்களை எத்தனை முறை திட்டியிருப்பேன்.

மார்ச் 27

வெர்ன் வீட்டுக்கே போனேன். கம்பிக் கதவைத் திறக்காமலே நின்றான். "இன்னும் என்ன? எங்கப்பா பேட்ஜும் போலின்னு சொல்ல வந்தியா?"

"பாதிதான் பாத்தேன், வெர்ன். அவசரப்பட்டுட்டேன். ஒரே ஒரு திருகு. திருப்ப விடு."

என் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தான். பிறகு கொக்கியை எடுத்தான்.

கைப்பிடி மரத்துக்கு அடியில், இரும்பில் ஒரு சின்ன நட்சத்திரம். பக்கத்தில் 8 51. தொழிற்சாலையே மறுபூச்சு கொடுத்துத் திருப்பி அனுப்பியதன் அடையாளம், மாதமும் வருடமும்.

"அம்பத்தொண்ணா? எனக்கு அப்ப ஒரு வயசு. அப்போ அப்பாவேதான்..."

"ஆமா. டெல்மா அப்ப ரேயைப் பாத்திருக்கவே மாட்டா."

"அப்பவும் அந்த மேசையில வைக்க முடியாதா?"

"முடியாது, வெர்ன்."

போனை எடுத்து, எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினான். டெல்மாவின் குரல் எனக்கே கேட்டது. "அந்த வருஷம் ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சுடா, மக்கு! மூணு நாள் சேத்துல கெடந்துச்சு அது. என்னைப் பேச விட்டியா நீ? அந்த வாத்தியாராவது ஒரு வார்த்தை கேட்டாரா?"

கேட்கவில்லை.

ஏப்ரல் 6

கண்காட்சி. வெர்ன் ரிவால்வரைப் பொது மேசையில் வைத்திருந்தான். அட்டையை அவனே எழுதியிருந்தான்: 'அப்பா சேற்றிலிருந்து எடுத்துச் சரிசெய்தது, 1951.' என்னைப் பார்த்துத் தலையசைத்தான். கூட்டம் அதிகம், பேச முடியவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

மூன்று மணிக்கு வண்டிச் சத்தம். தபால்காரர்.

டெல்மாவால் இப்போது கார் ஓட்ட முடிவதில்லையாம். வியாழக்கிழமைகளில் வெர்ன் நாற்பது மைல் போய் அவளைக் கடைக்குக் கூட்டிப்போகிறான். நல்லது. நிஜமாகவே நல்லதுதான்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சங்கத்தில் கேட்டிருக்கிறார்கள். மதியம் முழுக்க உட்கார்ந்தும் இவ்வளவுதான் வந்தது:

யாராவது உன் முன்னால் ஒரு பழைய ரிவால்வரை வைத்தால், அது யார் யாரிடம் இருந்தது என்று கேள். அவர் சொல்லி முடிக்கும்வரை அதைத் தொடாதே.