பெரம்பூரிலேயே இறங்கிவிடு

செஞ்சி,
வெள்ளிக்கிழமை

அன்புத் தங்கை பிரவீணாவுக்கு அக்கா நீலாவதி எழுதுவது.

நீயும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நானும் உன் மாமாவும் நன்றாக இருக்கிறோம். மளிகைக் கடையில் வியாபாரம் பரவாயில்லை. கோட்டை பார்க்க வரும் கூட்டம் இப்போது ரொம்ப அதிகம். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும்தான் நிறைய ஓடுகிறது.

நல்லது கெட்டதை எல்லாம் போனிலேயே பேசிவிடும் காலத்தில் அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ கேட்க மாட்டாய். ஞாயிறுதோறும் நீ பேசும்போது பக்கத்தில் மாப்பிள்ளை மூச்சு விடும் சத்தம்கூட எனக்குக் கேட்கிறது. நான் உன்னைக் கேட்டால் அவர் பதில் சொல்கிறார். “நல்லாருக்கேன்க்கா” என்பதை மட்டும் நீ சொல்கிறாய்.

வல்லத்து மகாலட்சுமி போன வாரம் கடைக்கு வந்தாள். அவள் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருப்பதால் குவாஹாட்டியில் குடியிருப்பதாகவும், உன்னைக் கோவிலில் பார்த்துப் பழகியதாகவும் சொன்னாள். கொளுத்தும் வெயிலில் நீ முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாயாம். பாப்பா படியில் தடுக்கி விழுந்தவள், அழுவதற்கு முன்னால் அப்பா நின்ற வாசலைத் திரும்பிப் பார்த்தாளாம். “அந்தக் கொளந்த பயப்படுறது எனக்குப் புரிஞ்சிடுச்சுக்கா. விக்ரமன் சார் நல்லா சிரிச்சுப் பேசுறவரு. அதான் யாரும் நம்ப மாட்டாங்க” என்றாள். அவள் போன பிறகு என்னால் கல்லாவில் உட்காரவே முடியவில்லை.

நீ வந்துவிடு பிரவீணா. மற்றதை இங்கே வந்து பேசிக்கொள்ளலாம்.

எப்படி வருவது என்றுதான் நானும் மகாலட்சுமியும் யோசித்தோம். முதலில் நான் விமானம் என்றேன். கல்யாணம் முடிந்து நீ போனபோது, என் தங்கை மூன்று மணி நேரத்தில் அஸ்ஸாம் போய் இறங்கிவிட்டாள் என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னவள் நான். திரும்பி வர இத்தனை வருடம் ஆகும் என்று அன்று தெரியாது. மகாலட்சுமிதான் வேண்டாம் என்றாள். “ஏர்போர்ட்ல ஒரே வாசலு. முன்னாடியே போயி ஒரே ஹால்ல உக்காந்திருக்கணும். அவரு கம்பெனி ஆளுங்க டெய்லி வர்ற எடம். அவரே வந்து கையைப் புடிச்சாலும், புருஷன் பொண்டாட்டின்னு சனம் வேடிக்கைதான் பாக்கும். ஸ்டேஷன்ல அந்தக் கூட்டத்துல யாரு யாரைக் கண்டா?” என்றாள். எனக்கும் அது சரியென்று பட்டது.

அவள் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் வேலூர்க்காரர் ஒருவர் இந்த மாதக் கடைசியில் குடும்பத்தோடு லீவில் வருகிறார். பெங்களூர் போகும் ரயில். அதே பெட்டியில் உனக்கும் இடம் போட்டுத் தருவார்கள். காட்பாடியில் இறங்கினால் உன் மாமா காரோடு நிற்பார். உன் ஆதார் மாப்பிள்ளையிடம் இருக்கும் என்று தெரியும். கல்யாணத்துக்கு முன்பு எடுத்த உன் ஓட்டு அட்டை இங்கே பீரோவில் இருந்தது. இந்தக் கடிதத்தோடு மகாலட்சுமியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

துணிமணி எடுக்காதே. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நைனா இருந்தால் அவரே வந்து உன்னை அழைத்து வந்திருப்பார். நான் கடிதம்தான் எழுதுகிறேன். தைரியமாக ஏறு.

உன் அக்கா,
நீலாவதி


செஞ்சி,
புதன்கிழமை

பிரவீணா,

முதலில் ரயிலை விட்டு இறங்கு. இது உன் கைக்கு வரும்போது பெட்டி பெரம்பூரில் நிற்கும். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டு, மீதியை நடைமேடையில் நின்று படி.

கொண்டு வந்தவர் அரிகிருஷ்ணன், மகாலட்சுமியின் அண்ணன். நம் கடையிலிருந்து மணிலாக் கடலை மூட்டைகளைச் சென்னைக்கு ஏற்றிப் போகும் வண்டிக்காரர். என் கையெழுத்தைப் பார். நான்தான் எழுதுகிறேன். அவரை நம்பலாம்.

மாப்பிள்ளை இங்கே இருக்கிறார்.

இன்று காலை கடை திறக்கும்போது வாடகைக் காரில் வந்து இறங்கினார். கையில் ஸ்வீட் பாக்ஸும் பாப்பாவுக்கு ஒரு பெரிய பொம்மையும். எனக்குக் கையிலிருந்த சாவிக்கொத்து விழுந்துவிட்டது. அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார். “இன்னாக்கா, என்னைப் பாத்து இப்டி ஷாக் ஆயிட்டீங்க? அவ ட்ரெயின்ல மெதுவா வந்துகினு இருக்குறா. நான் ப்ளேன்ல வந்துட்டேன். அவளுக்கு ஒரு சர்ப்ரைஸ்” என்றார். நீ வழியில் ஒரிசாவையோ ஆந்திராவையோ தாண்டிக்கொண்டிருக்கிறாய் என்று நான் நிம்மதியாக இருந்த நேரம் அது. உனக்குப் பின்னால் கிளம்பியவர் உனக்கு முன்னால் வந்து என் வீட்டில் காபி குடிக்கிறார். இது எனக்குத் தோன்றவே இல்லையடி.

வீட்டில் உன் போன் கிடந்ததாம். விமானத்தில் உன் பேர் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாராம். பிறகு அன்றைக்கு இந்தப் பக்கம் வரும் ரயில் எது என்று பார்த்தாராம். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். என்னிடம் ஒரு கோபம் இல்லை. கத்தினால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

எந்த ஸ்டேஷன் என்று கேட்டபோது நான் சர்க்கரை டப்பாவைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். உன் மாமாதான், “காட்பாடின்னு இவ சொன்னா தம்பி” என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். நேரில் உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிற மனிதர். இரண்டு பேரும் சேர்ந்து காட்பாடிக்குப் போகப்போகிறார்கள்.

மாப்பிள்ளை தன் போனில் சார்ஜ் இல்லை என்று என் போனை வாங்கிக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை. அதனால்தான் கடைக்குப் பின்னால் மூட்டைகள் மறைவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அரிகிருஷ்ணன் லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறார். நான் ஒளிந்து எழுதுவதைப் பார்த்துவிட்டு, “பயப்படாதீங்கம்மா, நான் எறக்கிடுறேன்” என்றார்.

அரிகிருஷ்ணனின் மாமியார் வீடு வில்லிவாக்கத்தில் இருக்கிறது. இப்போதைக்கு அங்கே போ. வேலூர்க்காரக் குடும்பத்திடம், யார் கேட்டாலும் உன்னைத் தெரியாது என்று சொல்லச் சொல்.

உள்ளேயிருந்து மாப்பிள்ளை என்னைக் கூப்பிடுகிறார்.

நீலாவதி


செஞ்சி,
சனிக்கிழமை

பிரவீணாவுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

நீயும் பாப்பாவும் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்ததை அரிகிருஷ்ணன் வந்து சொன்னார். பாப்பா இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள் என்றார். அதைக் கேட்டு உட்கார்ந்து அழுதேன்.

இதையும் அவரிடமே கொடுக்கிறேன். அவசரமாகப் படி.

காட்பாடியில் நடந்ததை உன் மாமா சொன்னார். ரயில் வந்து நின்றதும் பொம்மையை வைத்துக்கொண்டு பெட்டி வாசலில் சிரித்தபடி நின்றானாம் விக்ரமன். எல்லோரும் இறங்கி முடித்ததும் சிரிப்பு போய்விட்டது. உள்ளே ஏறி, சீட்டுக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தானாம். இறங்கி வந்தவன் பொம்மையைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு, பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டு ரயில் அதன்மேல் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். “அந்த மூஞ்சியப் பாத்ததும்தான் எனக்கே வெளங்குச்சு நீலா. நம்ம பொண்ணு இவனோடயா இருந்துச்சு” என்று உன் மாமா இரவெல்லாம் தூங்கவில்லை. மறுநாள் அவரே முன்னால் நின்று என்னை மகளிர் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வாங்கிக்கொண்டார்கள். விசாரிப்பார்கள்.

காட்பாடியிலிருந்து திரும்பியவன் என் போனை மேசையில் வைத்தான். அதில் இருக்கும் எல்லா நம்பரையும் பார்த்திருக்கிறான். அரிகிருஷ்ணன் நம்பரை ‘வல்லம் வண்டி அரிகிருஷ்ணன்’ என்று நான் போட்டு வைத்திருந்தேன். என்னிடம் குரலை உயர்த்தாமல் சொன்னான்: “இந்த நாட்ல எந்த மூலைக்குப் போனாலும் ப்ளேன்ல எனக்கு ஒரு நாளுதான்கா. அவ எத்தினி நாளுக்குத்தான் ட்ரெயின்ல ஓடுவா?”

ஊருக்குத் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். ஆனால் போகும் வழியில் வல்லத்தில் காரை நிறுத்தி, வண்டி ஓட்டும் அரிகிருஷ்ணன் வீடு எது என்று டீக்கடையில் கேட்டிருக்கிறான். அவர் மாமியார் ஊர் எது என்றும் கேட்டிருக்கிறான். யாரும் வாயைத் திறக்கவில்லையாம். எல்லோரும் எப்போதும் அப்படியே இருப்பார்களா?

அதனால் வில்லிவாக்கம் வேண்டாம் பிரவீணா. நீ நர்சிங் படித்தபோது உன்னோடு இருந்த சிநேகிதிகள் ஊர் ஊராக வேலையில் இருக்கிறார்கள். என் போனில் அவர்கள் நம்பர் ஒன்றுகூட இல்லை. அவர்களில் ஒருத்தியிடம் போ. யாரிடம், எந்த ஊருக்கு, எதில் ஏறிப் போகிறாய் என்று எனக்கு எழுதாதே. அரிகிருஷ்ணனிடமும் சொல்லாதே. அவன் மறுபடியும் வந்து உட்கார்ந்து கேட்பான். தெரியாது என்று நான் சொல்லும்போது அது உண்மையாக இருக்க வேண்டும். பொய் சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

கடை எதிரில் புதிதாக ஒரு கார் நின்றால்கூட எழுந்து பார்க்கிறேன். கோட்டை பார்க்க வந்தவர்களா, வேறு யாராவதா என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. எனக்காகக் கவலைப்படாதே. உன் மாமா இப்போது என் பக்கத்தில் இருக்கிறார்.

தீபாவளிக்கு வரலாமா, பொங்கலுக்கு வரலாமா என்று எண்ணாதே. நான் கூப்பிட்டதாக யார் சொன்னாலும் வராதே. நானே அழுதுகொண்டு போனில் கூப்பிட்டாலும் வராதே. என் ஆயுசும் உங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்து வரட்டும். தூரமாகப் போய் நன்றாக இரு, கண்ணு.

அக்கா