மீதி புத்தகத்தில்

ஞாயிற்றுக்கிழமை இரவு, மார்ச் 1979

சொந்தச் செலவில் அச்சடித்த என் கதைப் புத்தகம் இன்று ஒன்றுகூட மிச்சமில்லாமல் விற்றுவிட்டது!

போன வாரம் தானா ராத்தா டவுன் புத்தகக் கடைக்காரர், "கொழுந்து பறிக்கிற பொம்பள எழுதுனத யாரும்மா வாங்குவா?" என்று திருப்பி அனுப்பினார். விளம்பரம் போடக் கையில் காசில்லை. அதனால் இன்று எஸ்டேட் கோயில் திருவிழாவில், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே நின்று ஒரு கதையை வாசித்தேன். கதையில், வீட்டை விட்டு ஓடும் மருமகள் பஸ்ஸில் ஏறியதும் உள்ளே மாமியாரைப் பார்க்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடினேன்.

"அடியே, அப்புறம் என்னாச்சு? சொல்லு லா!" என்று கங்காணி மனைவி கத்தினார்.

"மீதி புஸ்தகத்துல இருக்குக்கா."

திட்டிக்கொண்டே வாங்கினார்கள். படிக்கத் தெரியாதவர்களும், "மக படிச்சுக் காட்டுவா" என்று வாங்கிப் போனார்கள்.

இதுவரை ஒரு பக்கம்கூடப் புரட்டாத, இன்று கோயில் வாசலில் நின்று கேட்ட என் கணவர் தூங்காமல் புரண்டுகொண்டிருக்கிறார். இப்போதுதான் மெல்லக் கேட்டார்.

"அந்த மாமியா எதுக்கு பஸ்ல இருந்துச்சு?"

"அதுவும் வீட்ட விட்டு ஓடுதுங்க."

எழுந்து உட்கார்ந்துவிட்டார். முழுக் கதையையும் சொல்லச் சொல்கிறார்.