தெரியலன்னு சொன்னதை வெட்டச் சொன்னாங்க

என் தங்க மூக்கிக்கு,

அம்மா எழுதறேன். பேசினா அழுதுடுவேன், அதான் டைப் பண்றேன். நல்லாருக்கியான்னு கேக்க மனசு வரல, எழுந்து முகம் கழுவினியா, ஒரு வாய் சாப்பிட்டியான்னு மட்டும் கேக்கறேன். நாங்க ஆண்டவர் கிருபையில நடமாடிக்கிட்டு இருக்கோம். அப்பா டயர் கடைக்குப் போறாரு, ஆனா நேத்து பஞ்சரே ஆகாத சக்கரத்தைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னாராம், ஓனர் திட்டாம டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாரு. பேரப்பிள்ளை முகத்தை போன்ல ஒரே ஒரு தடவைதான் பார்த்தாரு, அதுக்குள்ள அது போயிடுச்சு, மனுஷன் இன்னும் தெளியல.

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். உங்க ஜெபக் குழு அக்கா வீடு தேடி வந்து, தாவீது ராஜா அடுத்தவன் பொண்டாட்டியை எடுத்துக்கிட்டு அவனையும் கொன்னதுக்குத் தண்டனையா அவரோட பச்சக் குழந்தை செத்துச்சே, அதை வாசிச்சுக் காட்டிட்டு, மறைச்சு வச்ச பாவம் ஏதாச்சும் இருக்கான்னு யோசிங்க சிஸ்டர்னு சொன்னாளாமே. வயித்துத் தையல்கூடப் பிரிக்காம உக்காந்திருக்கிற பொண்ணுகிட்ட! அப்பா, அந்தம்மாவ நம்ம கடைக்கு வரச் சொல்லு, காத்தைப் புடுங்கி விடறேன்னாரு.

அதைவிட அசிங்கம் இங்க நடந்துச்சு. யூடியூப்ல பிரசங்கம் பண்றாரே, அந்த அண்ணன் சேனல்னா எனக்கு எவ்வளவு பைத்தியம்னு உனக்கே தெரியும், வீடியோ வந்தா முதல் கமெண்ட் என்னோடதுதான், அவருக்காகவே எடிட்டிங்கை நானா போன்ல பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன். கஷ்டமான வசனத்துக்கு ஒரே நிமிஷத்துல பதில் சொல்ற சேனல், அதனால எங்க எடிட்டிங் குரூப்புக்கு ஒரு சட்டம், அண்ணன் எங்கயாச்சும் தெரியலன்னு சொன்னா அதை வெட்டிடணும், இல்லன்னா ஜனங்க அடுத்த வீடியோவுக்குத் தள்ளிட்டுப் போயிடுவாங்களாம். இந்த வாரம் என் கைக்கு வந்தது எது தெரியுமா, அதே தாவீதோட குழந்தை. ஓட்டிப் பார்த்தேன். அண்ணன் வாசிச்சு முடிச்சாரு, கண்ணாடியைக் கழட்டினாரு, அந்தக் குழந்தை என்னப்பா பண்ணுச்சு, எனக்குத் தெரியலன்னாரு. கேமராவுக்குப் பின்னாடி இருந்து மேனேஜர், அண்ணே இது ஓடாது, திரும்ப எடுத்துடலாம்னாரு. அவ்வளவுதான், கண்ணாடி ஏறுச்சு, சிரிப்பு ஏறுச்சு, மளமளன்னு காரணமா அடுக்கினாரு. அடியில கிடார் மியூசிக் வேற போடணுமாம். சீ! செத்த குழந்தைக்கு கிடாரா? நான் காரணத்தையெல்லாம் வெட்டிப் போட்டுட்டு, அந்தத் தெரியலங்கறதை மட்டும் வச்சு ஏத்திட்டேன். நான் காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள தூக்கிட்டாங்க, வீடியோவை மட்டும் இல்ல, என்னையும்தான். ஜனங்க விசுவாசத்தைக் கெடுக்கறீங்க சிஸ்டர்னு மேனேஜர் மெசேஜ். அண்ணன் அந்த வீடியோவுல பேசினதுலயே விசுவாசமான வார்த்தை அது ஒண்ணுதான்!

நீ கேட்டதுக்கு வர்றேன். என் பாவத்தாலதான் பிள்ளை போச்சா, ஆமாவா இல்லையான்னு கேட்டே. இல்ல. தாவீதுகிட்ட காரணம் சொல்ல ஆண்டவர் தீர்க்கதரிசியை அனுப்பினாரு, உன்கிட்ட யாரையும் அனுப்பல, அந்த அக்கா தானா ஆட்டோ புடிச்சு வந்தா. தாவீதோட குழந்தை ஏன் போகணும்னு எனக்கு இன்னும் புரியல. ஆனா சிநேகிதன் கல்லறைக்குப் பக்கத்துல நின்னு அழுதவரும் அதே ஆண்டவர்தானே, பிள்ளைங்களைக் கிட்ட விடாத சீஷர்கள் மேல எரிஞ்சு விழுந்தவரும் அவர்தானே. அவரை எனக்குத் தெரியும்டி. அவர் அநியாயம் பண்ணமாட்டாருன்னு நம்பறேன், நம்பறதாலதான் முகத்துக்கு நேரா ஏன்னு கேக்கறேன். அவருக்கு வக்காலத்து வாங்கறேன்னு சொல்லிக்கிட்டு உன் தலையில பழியைக் கட்டமாட்டேன்.

இனிமே ஜெபமே பண்ணமாட்டேன்னு சொன்னே. வரலன்னா விடு. திட்டத்தான் வருதுன்னா அவரையே திட்டு, தாங்கிக்குவாரு. அதுவும் வரலன்னா சும்மா இரு, உனக்கும் சேர்த்து நான் கேட்டுக்கிட்டிருக்கேன். மாப்பிள்ளையும் கொஞ்சம் அழட்டும், அடக்கி வைக்க விடாத. அந்த அக்கா மறுபடி வந்து மணி அடிச்சா கதவைத் திறக்காத. கர்த்தர் உன்னை மடியில போட்டுத் தட்டிக் குடுக்கட்டும்.

மறந்துடாத, நான் பின்னி அனுப்பின மஞ்சத் தொப்பியை யாருக்காவது குடுத்துடலாமான்னு கேட்டியே, குடுக்காத. அது பிள்ளையோடது.

உன்னைப் பெத்தவ,
அம்மா