உனக்குத் தந்த கடை முட்டைகள்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கும் இடத்தையும் விடமாட்டேன். இன்று அந்தியில் அம்மா அடுப்புத் தணலில் முட்டை ஓடுகளை வறுத்தார். அந்தக் கருகல் வாசம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீடுகளுக்குப் பின்னால், பழைய கதவுப் பலகையில் கூடு அடித்து இரண்டு கோழி வளர்த்தோம். செவலை உன்னுடையது, கறுப்பி என்னுடையது. கடைத் தீனுக்கு வழியில்லை. கொஞ்சம் புண்ணாக்கு, மரக்கறித் தோல், விழுந்த பப்பாசி, நீ மண்ணைக் கிளறிப் பிடித்த புழுக்கள். அதற்கே மஞ்சள் கரு செம்மஞ்சளாகத் திரண்டு நின்றது. நீ நோயில் விழுந்ததும், தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். நம் கோழி இருக்கிறதே என்று உன் அம்மா நிம்மதியானார்.

அப்போது பார்த்து முட்டைகளின் ஓடு மெலிந்தது. முட்டை ஓட்டையே கோழிக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பாடசாலை நூலகப் புத்தகத்தில் படித்தேன். பக்கத்தைப் புரட்டாமல் ஓடிவந்து, ஓடுகளைப் பாதி பாதியாக அப்படியே போட்டேன். வறுத்துத் தூளாக்காவிட்டால் கோழி தன் முட்டையையே கொத்தப் பழகிவிடும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. ஒரு வாரத்தில் கூட்டில் ஈர வைக்கோல்தான் மிச்சம். செவலையின் அலகில் மஞ்சள் காய்ந்திருந்தது.

முட்டை தின்னும் கோழியை யாரும் வைத்திருக்கமாட்டார்கள், கறியாக்கிவிடுவார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறாமல் டவுனிலிருந்து நடந்து, அந்தக் காசில் உனக்கு முட்டை வாங்கினேன். எல்லாரும் பெரிதாகக் கேட்கும்போது நீ ஏன் சின்னதாகப் பொறுக்குகிறாய் என்று கடைக்காரர் சிரித்தார். கூட்டுத் தூசியைப் பூசி, ஓர் இறகையும் ஒட்டிக் கொண்டுவந்தேன்.

நாலாம் நாள் அவித்த முட்டையைப் பிட்டு, வெளிறிய கருவைப் பார்த்தாய்.

"ஏன்டி, செவலை இப்ப பஸ் ஏறி டவுனுக்குப் போய்த்தான் முட்டை போடுதா?"

நான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். நீ திட்டவில்லை. மழையிலா நடந்தாய் என்றுதான் முதலில் கேட்டாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "கடை முட்டையே போதும்டி. ஆனா நீயும் பொய் சொன்னா நான் யாருகிட்ட கேக்குறது? வீட்டுல எல்லாரும் நல்லாயிடும் நல்லாயிடும்னே சொல்றாங்க. நான் மெலிஞ்சுட்டேனா?"

"ரொம்ப," என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த முட்டையை முழுவதும் தின்றாய்.

கூட்டை இருட்டாக்கி, முட்டை போல வெள்ளைக் கல்லை வைத்தோம். கொத்திக் கொத்திச் செவலை அலுத்துப்போனது. அது போட்ட முதல் முழு முட்டையில் நீ பாதிதான் தின்றாய். அடுத்ததைத் தொடவில்லை. இனி எழும்புவேனா என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

நீ இல்லாத வீட்டுக்குப் போன வாரம் முட்டை கொடுக்கப் போனபோது, கடைசியில் நீ பயந்தாயா என்று உன் அம்மா கேட்டார். இல்லை என்றுதான் எல்லாரும் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"ஆமா, பயந்தா, ஆன்ட்டி. ஒரு நாள். அன்னைக்கு நான் பக்கத்துலயே இருந்தேன்."

அவர் நெடுநேரம் அழுதார். பிறகு எழுந்து எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார். போகாமல் இரு என்றார். நீ என்னிடம் கேட்டது உண்மையைத்தான்; இனி யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

அம்மா விளக்கை அணைக்க வருகிறார், நிறுத்துகிறேன்.